தெரு அளந்த காலம்

மீட்டர் சங்கிலி வந்த பிறகும் எங்கள் மூத்த செயின்மேனுக்கு 66 அடி, 100 கண்ணி கொண்ட கண்டர் சங்கிலிதான் உசத்தி. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்று அவர் சொல்லும் தோரணையில், மெட்ரிக் முறை ஏதோ நேற்று வந்த மருமகள் போலத் தோன்றும். டவுன் சர்வே என்றால் தெருவே கூடியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்போடு ஒருவர் முனையில் நிற்க, இவர் சங்கிலியை உதறி இழுக்க, அந்தச் சலசலப்பிலேயே திண்ணைப் பெரியவர்கள் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிவிடுவார்கள். தியோடலைட்டில் ஒற்றைக் கண்ணை வைக்கும் எனக்கோ, 1802இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்த லாம்டனின் நேர் வாரிசு என்ற மிதப்பு. என் சாம்ராஜ்யம் மார்க்கெட் சந்தில் தொடங்கிச் சாக்கடையோரம் முடிந்துவிடும்.

“கல்லு இங்கதான் தம்பி இருந்துச்சு, கல்யாணப் பந்தலுக்குப் புடுங்கினாங்க” என்று ஒரு பாட்டி சாட்சி சொல்வார். எதிர்வீட்டிலிருந்து மோர் வரும். மோர் வந்த பக்கம் சங்கிலி சாய்ந்துவிடுமோ என்று அடுத்த வீட்டிலிருந்து காபி வரும்.

இப்போது அதே தெருவில், தலையில் லேசர் சுழல ஒரு கார் ஊர்ந்து போகிறது. நொடிக்கு லட்சக்கணக்கில் ஒளித்துடிப்புகளை வீசி, அவை பட்டுத் திரும்பும் நேரத்தில் தூரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளிடம் கேட்டு, மேம்பாலத்தடியில் அது மறைந்தால் சக்கரம் சுற்றிய கணக்கையும் உள்ளிருக்கும் உணரிகளையும் வைத்துச் சமாளித்து, மின்கம்பம், சன்ஷேடு, மாடியில் காயும் சேலை என எல்லாவற்றையும் புள்ளிகளாக அள்ளிக்கொள்கிறது. நாங்கள் மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து நடந்த தெருக்களை ஏ.சி.யை அணைக்காமலே முடித்துவிடுகிறார்கள். மோர் கொடுக்கவும் ஆளில்லை, சண்டைக்கு வரவும் ஆளில்லை.

ஆனால் காருக்குத் தெருமுகம்தான் தெரியும். நிறுத்திவைத்த வேனின் மறைவில் இருப்பது தப்பிவிடும். கொல்லைப்புறத்துக்கு இன்னமும் ஓர் ஆள் டோட்டல் ஸ்டேஷனைச் சுமந்துகொண்டு போக வேண்டும். சுவர் எங்கே நிற்கிறது என்று அச்சுப் பிசகாமல் சொல்லும் அந்த வண்டி, எங்கே நின்றிருக்க வேண்டும் என்று கேட்டால் வாய் திறக்காது. அதற்குப் பழைய புலப்படம் வேண்டும், பத்திரம் வேண்டும், முடிந்தால் அந்தப் பாட்டியும் வேண்டும். அரை அடித் தகராறுகள் எங்கும் போய்விடவில்லை: அன்று சங்கிலி தொய்ந்துவிட்டது என்று கத்தினார்கள், இன்று முப்பரிமாணப் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, சென்டிமீட்டர் சுத்தமாகச் சண்டை போடுகிறார்கள்.