அரைப் பேர்

கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு காலத்தில் இரண்டு இடாப்புகள் இருந்தன. ஒன்று செக்ரோல், அதில் பேர் விழுந்தால் சம்பளம். மற்றது பள்ளிக்கூட இடாப்பு; அதில் பேர் விழுந்தால் பிரம்படி. பிள்ளைகள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று ஆணைக்குழு வைத்து விசாரிக்கத் தேவையில்லை.

லயத்தில் ஒரு காம்பரா காலியானால் அதுதான் பள்ளிக்கூடம். ஆகாவிட்டால் மரத்தடி. சிலேட்டு இல்லையா, மணல் இருக்கிறது. வாத்தியார் அநேகமாகக் கங்காணிக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம். ஊரிலிருந்து வரும் கடுதாசியைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் அவரேதான். பள்ளிக்கூட மணியெல்லாம் பிறகு. விடியற்காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்கு அடிக்கிற தப்புச் சத்தத்துக்குத்தான் மலையே எழும்பும்.

1920இல் சட்டம் வந்தது. 6 முதல் 10 வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக் கொடுப்பது தோட்டத்தை நடத்தும் துரையின் கடமை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு இறக்கக் கூடாது. அதாவது, பத்து அடித்ததும் கல்வி பூர்த்தி. மிச்சத்தைக் கொழுந்து மலை கற்றுக் கொடுக்கும். மாலையில் செக்ரோலில் அரைப் பேர் விழும், அதாவது அரை நாள் கூலி. பள்ளிக்கூடத்திலும் அரைப் பேர்தான், ஆனால் அதற்குக் காசு கிடையாது!

அதே காலத்தில் கண்டி நகரத்தில் வேறு கூத்து. 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரிக்கு 1904இல் அதிபராக வந்த பிரேசர், பெரிய இடத்துப் பையன்களுக்குத் தாய்மொழியும் தெரிய வேண்டும் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மலையில் அந்தச் சண்டைக்கே இடமில்லை. தாய்மொழி மட்டும் போதும் என்பதில் துரைமார் மகா தாராளம்.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் கையேற்க 1970கள் ஆயின. மலை ஏறி வர வேண்டுமே, மூச்சு வாங்கியிருக்கும்.

நடுவில்தான் உச்சக் காட்சி. 1948இல் ஒரு சட்டம் இந்திய வம்சாவளியான இந்தத் தோட்டத்து ஜனங்களைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1949இல் இன்னொன்று, விண்ணப்பம் போடு என்றது. 1946 பிறப்பதற்கு முன் பத்து வருஷம் விடாமல் இங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். மணமானவருக்கு ஏழு போதும். கல்யாணம் பண்ணிய கஷ்டத்துக்கு மூன்று வருஷம் தள்ளுபடி போலும். தினம் விடியவிடியத் தப்படித்துத் தலை எண்ணிய நாட்டில், நீ இங்கேதான் இருந்தாயா என்று கேள்வி!

பழைய இடாப்புகளுக்கு அப்போதுதான் மவுசு வந்தது. எடுத்துப் பார்த்தால் பிறப்புப் பதிவில் இராமசாமி, செக்ரோலில் ராமன், பள்ளிக்கூடத்தில் ராமையா. மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஒரு கடுதாசி எழுதித் தரச் சொல்லி, பத்து மணிக்கே ஓடிப்போன அந்தப் பழைய மாணவன் மறுபடியும் வாத்தியார் முன்னால் கைகட்டி நின்றான்.