பத்துக்குப் பத்தில் ஓர் ஆபீஸ்

சென்னை ஃப்ளாட்டில் இரண்டாவது பெட்ரூம் பத்தடிக்குப் பத்தடி அமைந்தாலே புண்ணியம். கட்டிலும் பீரோவும் போக மிஞ்சும் சந்தில்தான் கம்ப்யூட்டர் மேஜை போட வேண்டும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும், முழங்கை 90 டிகிரியில் மடங்க வேண்டும், திரையில் வெளிச்சம் அடிக்காதபடி ஜன்னல் பக்கவாட்டில் வர வேண்டும் என்பார்கள் நிபுணர்கள். கிழக்கு பார்த்து உட்கார் என்பார் வாஸ்துக்காரர். பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில் உட்கார் என்று எலெக்ட்ரீஷியன் என்றைக்கோ தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருப்பார். அது கட்டிலுக்குப் பின்னால் இருக்கும்.

லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தப் பழைய தீபாவளி மலர்கள் நாலைந்து போதும். அவ்வளவு கனமான இலக்கியம் வேறு எதற்கு உதவும்? உயர்த்தியபின் கீபோர்டு எட்டாது. அதைத் தனியாக வாங்க வேண்டும். இடுப்பைத் தாங்கும் சுழல் நாற்காலியும் வந்து சேரும். அதில் மடிக்காத துணிகள் முதுகு வலியில்லாமல் உட்கார்ந்திருக்கும். வேலை பார்ப்பவர் கட்டிலில், தலையணையில் சாய்ந்தபடி இருப்பார்.

மிச்சமிருப்பது கண். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் டாக்டர்கள். பத்தடி அறையில் இருபது அடிக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃப்ளாட்டின் சமையலறை. அங்கே 20 விநாடி உற்றுப் பார்த்தால் கண் பிழைக்கும். முதுகுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.