டாக்டர் வைத்திருந்த கேமரா

பழைய ஃபிலிம் கேமரா விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே டாக்டரிடம்தான் வாங்கியிருக்கிறார்கள். "டாக்டர் வெச்சிருந்தது சார், சிங்கிள் ஓனர். வருஷத்துக்கு ஒரு ரோல் போட்டிருந்தா அதிகம்." பழைய ஸ்கூட்டர், பழைய கார், பழைய தையல் மிஷின் எல்லாம் விற்றவரும் அவர்தான். வைத்தியம் பார்க்க எப்போது நேரம் கிடைத்தது என்று தெரியவில்லை.

படமெடுக்கக் கற்றுக்கொள்ள ஒரு கேமரா தேடிக் கிளம்பிய எனக்குத் துணை வந்தவர், கேமரா ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். அவருடைய கொள்கை ஒன்றே: "தம்பி, நான் திறந்து மூடுற மாதிரி பாத்து வாங்குங்க."

எனக்கு கேனான் ஏஇ-1 மேல் ஆசை. 1976-இல் வந்த அழகன். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். "பேட்டரி இல்லேன்னா ஷட்டரே அடிக்காது. வயசானா அடிக்கும்போது இழுப்புச் சத்தம் வேற வரும்." இழுப்புக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே தாத்தா இருக்கிறார், விட்டுவிட்டேன். அடுத்து சோவியத் ஜெனிட்-ஈ. பேட்டரியே வேண்டாம், வெளிச்சம் அளக்க நெற்றியில் செலினியம் மீட்டர். வயதாக ஆக செலினியம் சோர்ந்துவிடும், கனம் மட்டும் குறையாது. தேங்காய் உடைக்கவும் ஆகும். நிக்கான் எஃப்எம்2 விலையைக் கேட்டதும் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

கடைசியில் நிலைத்தது பென்டாக்ஸ் கே1000. அதுவும் 1976-இல் பிறந்ததுதான். 1997 வரை செய்தார்கள். ஆட்டோ என்ற பேச்சே கிடையாது. ஃபோகஸ், அப்பர்ச்சர், ஷட்டர் மூன்றும் நம் பாடு. பேட்டரி என்பது மீட்டர் முள்ளை ஆட்ட மட்டும். அது செத்தாலும் படம் விழும். மீட்டருக்கு ஸ்விட்ச்கூட இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் தூங்கும். செல்ஃப் டைமரும் இல்லாததால், படமெடுப்பவன் குடும்பப் படத்தில் இருக்க மாட்டான். சில குடும்பங்களில் இது பெரிய வசதி.

கற்றுக்கொள்பவனுக்கு இப்படி ஒன்றுமே செய்யாத கேமராதான் சரி. படம் கெட்டால் பழிபோட வேறு ஆள் இருக்காது.

வாங்குமுன் பெரியவர் சோதனையில் இறங்கினார். பின்கதவைத் திறந்து, ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அடித்துக் காது கொடுத்தார். கதவோரத்துக் கருப்புப் பஞ்சைத் தொட்டார். பிசுபிசுத்தால் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் உள்ளே புகுந்து படத்தைக் கெடுக்கும். பிறகு லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே மெல்லிசாக நூல் நூலாய் ஓடியது. ஃபங்கஸ்!

"டஸ்ட்தாங்க, துடைச்சா போயிடும்" என்றார் விற்பவர்.

"அப்ப உள்ள போய்த் துடைச்சுட்டு வாங்க. நிக்கிறோம்" என்றார் பெரியவர்.

அதே டாக்டர் வீட்டிலிருந்து உடனே வேறு லென்ஸ் வந்தது.

"மீட்டர் பொய் சொன்னா என்ன பண்றது?" என்று கேட்டேன். மேலே கை காட்டினார். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16. 100 ஃபிலிம் போட்டிருந்தால் ஷட்டர் 125. சென்னையில் இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே ஒரு வருஷத்தின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம்.

பேரம் பேசி மிச்சப்படுத்தியதை ரோல் சாப்பிட்டுவிட்டது. கலர் ரோல், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டும். கிடைப்பது 36 படம். விரல் அழுத்துவதற்கு முன்னால் பர்ஸ் யோசிக்கிறது. முன்பெல்லாம் செல்போனில் காக்காவைக்கூட இருபது தடவை எடுத்தவன், இப்போது மயில் வந்தாலும் "கொஞ்சம் திரும்பட்டும்" என்று காத்திருக்கிறேன்.

ஒரு கல்யாணத்தில் அத்தையை எடுத்தேன். "எங்க, திருப்பிக் காட்டு" என்றார். திருப்பினேன், வெறும் கருப்புக் கதவு.

"ரோல் முடிஞ்சு கழுவினாத்தான் தெரியும் அத்தை. இன்னும் பாதி இருக்கு."

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்கென்னடா, மிச்சத்தையும் என்னையே எடுத்து முடிச்சிடு."