பெயரில் என்ன இருக்கிறது?

கேள்வி: பிலிப்பைன்ஸில் தடுக்கி விழுந்தால் ஒரு சான்டோஸ், ஒரு குரூஸ். எல்லோருக்கும் மெக்சிகோ ரத்தமா?

பதில்: பெயரை நம்பிச் சம்பந்தம் பேசிவிடாதீர்கள்! 1849-இல் ஸ்பானிய கவர்னர் கிளவேரியா ஒரு பட்டியலை நீட்டி, ரேஷன் அரிசி மாதிரி ஊர் ஊராகக் குடும்பப் பெயர் வழங்கச் செய்தார்.

ரத்தம் வேறு கதை. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் கப்பல் ஓடியது. ஸ்பெயினின் நிர்வாகமே மெக்சிகோ நகரத்து வைஸ்ராய் வழியாகத்தான். வந்திறங்கிய சிப்பாய்களில் நிறையப் பேர் மெக்சிகோக்காரர்கள்; சிலர் தண்டனைக்காக நாடு கடத்தப்பட்ட ஆசாமிகள். அங்கேயே பெண் எடுத்து, அடையாளம் தெரியாமல் கலந்துவிட்டார்கள்.

பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மட்டும் சளைத்தவர்களா? அகாபுல்கோவில் கப்பலைவிட்டு நழுவியவர்கள், மெக்சிகோவின் மேற்குக் கரையில் தென்னங்கள் இறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கொலிமா ஊர்த் தெருக்களில் ‘தூபா’ என்று இன்றும் விற்கிறார்கள், மேலே வேர்க்கடலை தூவி!