மேசைக்கு அடியில் ஒரு மேதை

நான் வருகிறேன் என்று தெரிந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் இப்போது கூடத்தைப் பெருக்குவதோடு நிற்பதில்லை; நாற்காலிகளுக்கு அடியிலும் ஒட்டடை அடித்துவிடுகிறார்கள். காபி வருவதற்குள் நான் தரையில் மல்லாந்து, அவர்கள் உட்காரும் சாமானின் அடிப்புறத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பேன் என்பது ஊரறிந்த சங்கதி. ஒரு நிச்சயதார்த்த வீட்டில், மாப்பிள்ளையின் தாத்தா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கடியில் அப்படிக் கிடந்தபோது, ஏதோ காசைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவர் இடுப்பிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஆராய்ச்சிக்கு யார்தான் நிதி தருகிறார்கள்?

இந்தக் கிறுக்கு தொற்றிய இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கப்பல் கப்பலாகத் தேக்கு இறக்கி வீடு கட்டினார்கள். 1942இல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்ததும் அந்தச் செல்வாக்கு ஆட்டம் கண்டது. பிறகு பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் பிரித்த வீடுகளின் தூண், நிலை, அலமாரி, சாய்வு நாற்காலி எல்லாம் அந்தத் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. எதைத் தொட்டு வயது கேட்டாலும் "நூத்தம்பது வருஷம் சார்" என்கிறார்கள். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டியிருந்தாலும் அதற்கு நூற்றிருபதுக்குக் குறைத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நானே கற்றுக்கொள்வது என்று இறங்கினேன். பாலீஷ் போட்ட முகப்பைப் பார்த்து மயங்குவது கத்துக்குட்டி வேலை. ஆசாரி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று விட்டுவைத்த இடங்கள்தான் வாய் திறக்கும். இழுப்பறையை வெளியே உருவி, மூலையில் பலகைகள் கோத்திருக்கும் பற்களைப் பார்க்க வேண்டும். கையால் வெட்டியதென்றால் ஒரு பல் அகலமாகவும் ஒரு பல் ஒல்லியாகவும், பக்கத்தில் உளியை வைக்க இழுத்த கோடோடும் இருக்கும். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் மெஷின் வேலை. அடிப்பலகையைத் தடவினால் இழைப்புளி போன தடம் லேசான அலையாக விரலில் தட்டுப்பட வேண்டும். எனக்கு முதலில் தட்டுப்பட்டது சிலாம்புதான்.

அடுத்து ஸ்க்ரூ. தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூவுக்கு அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936இல்தான் காப்புரிமை வாங்கினார். நூற்றைம்பது வயது அலமாரியில் அது பளபளத்தால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஒரு ஸ்க்ரூவை மட்டும் வைத்து மொத்த அலமாரியையும் தூக்கில் போட்டுவிடக் கூடாது. கீல் உடைந்து நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம். பக்கத்தில் பழைய ஓட்டையை அடைத்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தில் வண்டு துளைத்த ஓட்டைகளும் அப்படித்தான். வண்டு வளைந்து நெளிந்து போகும். நேர்க்கோட்டில் போனால் அது டிரில் பிட். அதிலும் வைரம் பாய்ந்த தேக்கை வண்டு சுலபத்தில் தொடாது. "அசல் பர்மா தேக்கு, பாருங்க, எவ்வளவு வண்டு அரிச்சிருக்கு" என்று விற்பவரின் துணிச்சலுக்கே தனியாக ஒரு விலை கொடுக்கலாம்.

வட்ட மேசை என்றால் தையல்காரர் டேப் வேண்டும். மரம் ரேகையின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். வட்டமாகச் செய்தது பல வருஷத்தில் இம்மி நீள்வட்டமாகிவிடும். தேக்கு அதிகம் சுருங்காத ஜாதி, அதனால் நூலளவு வித்தியாசம்தான் தெரியும். அந்த நூலளவுக்காகச் சாப்பாட்டு மேசையில் இலை போட்ட பிறகு அளந்தவன் நான்.

இந்த வித்தையில் எனக்குப் பெரிய சந்தோஷம் கொடுத்தது ஒரு நண்பர் வீட்டு வளைவு நாற்காலி. பீச் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைக்கும் இந்த ஜாதியை உலகமெங்கும் பரப்பியவர் வியன்னாவின் மைக்கேல் தோனெட். 1859இல் வந்த அவருடைய 14ஆம் நம்பர் நாற்காலியைக் கழற்றிக் கட்டினால், ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 அடங்கும். நண்பர் தன்னுடையதை 1880 என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலைகீழாக்கினேன். இருக்கையின் உள்விளிம்பில் பாதி கிழிந்த காகிதச் சீட்டு, அதில் செக்கோஸ்லோவாகியா! 1918இல் பிறந்து 1992 முடிவோடு கலைந்துபோன தேசம். "இது 1918க்கு அப்புறம்தான்" என்றேன். நாற்காலிக்கு முப்பத்தெட்டு வயதாவது குறைந்துபோன எரிச்சலில், அன்று எனக்கு வந்த டிபனில் வடை குறைந்தது.

வயதைக் கண்டுபிடிப்பது சுலபம், விலைதான் வில்லங்கம். வாங்கப் போனால் யானை விலை குதிரை விலை. விற்கப் போனால் அடிமாட்டு விலை. எங்கள் தாத்தாவின் எழுத்து மேசையை நான் மனதுக்குள் ஒரு மனையின் விலைக்கு வைத்திருந்தேன். அதை மதிப்பிட ஒரு வியாபாரியை வரவழைத்தேன். அவர் இழுப்பறையை உருவி மோந்து பார்த்தார், நகத்தால் கீறினார். பொங்கலுக்குப் பொங்கல் தாத்தா அடித்த பச்சை எனாமல் பெயின்ட் ஏடு ஏடாக வந்தது.

"பொருளாப் போகாது சார். மரமாப் போகும்" என்று சொல்லி, டேப்பை எடுத்துக் கன அடிக் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"ஏங்க, வண்டி அவரே கொண்டுவருவாரா?" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்து.

காபி கொடுக்க அவள் வந்தபோது, திறந்திருந்த சமையலறைக்குள் வியாபாரியின் கண் போனது. அம்மி பக்கத்தில் அவளுடைய பாட்டியின் அஞ்சறைப் பெட்டி. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தது, பித்தளைக் குமிழ், மஞ்சள் ஏறி மினுமினுக்கும் விளிம்பு. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், என் மேசைக்குச் சொன்னதைவிட அதிகமாக ஒரு தொகை சொன்னார். "அதுல இருக்கிற கடுகுக்குக்கூட அது காணாதே" என்றாள் அவள். அவர் ஏற்றினார். அவள் அசையவில்லை. நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருளை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று நான் குறுக்கே புகுந்தேன். "இந்தச் சமையக்கட்டை விட்டே போகாது" என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

இப்போது கடுகும் சீரகமும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. அஞ்சறைப் பெட்டி பீரோவுக்குள், பட்டுப்புடவைகளுக்கு நடுவில். வயது பார்த்துச் சொல்கிறேன், அடிப்புறத்தை ஒருதரம் காட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாவி அவள் இடுப்பில்.