வருங்காலப் பழம்பொருள் இயல்: காரைக்குடித் தெரு ஒன்றை முன்வைத்து

பழம்பொருள் என்பது யாதோ எனின், நேற்றுவரை வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்து, கடைக்காரர் விலை கேட்ட நொடியில் அப்பத்தாவின் நினைவாக மாறிவிடும் பொருள் என்க. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வேறு இலக்கணம் சொல்லும்: 100 வயது நிரம்ப வேண்டும், கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 போதும். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் சட்டப்படி மேஜராகாத சாமான்களும் தாராளமாக விலைபோகின்றன. ஆகலின் சட்டத்தை விடுத்துத் தெருவைப் பிரமாணமாகக் கொள்கிறோம். வினா இதுதான்: இன்று நாம் காயலான் கடைக்குத் தள்ளிவிடும் எது, நாளை அந்தத் தெருவில் கண்ணாடி அலமாரி ஏறும்?

மேல்நாட்டுக் கிட்டார்க்காரர்கள் இவ்வினாவில் நமக்கு மூத்தவர்கள். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே கிடந்து, காலால் மிதித்தால் ஒலியைத் திரித்துக் கொடுக்கும் சிறு பெட்டிக்கு எஃபெக்ட்ஸ் பெடல் என்று பெயர். இன்றைய பெடல்களில் எது நாளைக்குப் பொன்னாகும் என்பது அவர்களுடைய தீராத வழக்கு. அவர்கள் காட்டும் மேற்கோள் கிளான் சென்டார். பில் ஃபினிகன் என்பவர் அமெரிக்காவில் 1994 முதல் செய்து விற்றது. ஏறத்தாழ 8,000 உருப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்று எவனும் பார்த்துவிடாதபடி சர்க்யூட்டின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடினார். சில நூறு டாலர் பெட்டி இன்று பல ஆயிரம் டாலர். 2012இல் அவரே அடுத்த பெடலைக் கொண்டுவந்தபோது, இந்த ஆரவாரத்துக்கு நான் பொறுப்பல்ல என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் பெட்டியின் முகத்திலேயே அச்சிட்டார். மற்றொன்று, பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1. 1978 முதல் இன்றுவரை கடையில் புதிதாகவே கிடைக்கிறது. அதையும் சேகரிப்பவர் உண்டு. பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து, ஜப்பானில் செய்தது என்று போட்டிருந்தால்தான் பர்ஸைத் திறப்பார்.

கவிழ்த்துப் பார்க்கும் இவ்வழக்கம் நம் தெருவிலும் உண்டு. இனாமல் பூசிய மங்குச் சாமானைத் திருப்பினால் அடியில் சுவீடன் என்றோ ஜப்பான் என்றோ செக்கோஸ்லோவாக்கியா என்றோ முத்திரை இருக்கும். இவற்றுள் செக்கோஸ்லோவாக்கியா தனிச்சிறப்புடைத்து. 1992 முடிவோடு அந்த நாடே இல்லை என்றாகிவிட்டதால், ‘இனிமே வராது சார்’ என்று சொல்லக் கடைக்காரருக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை. விளிம்பில் இனாமல் பெயர்ந்து உள்ளிருக்கும் இரும்பு கறுப்பாகத் தெரியும் இடத்தை விரலால் தடவி, வாங்குபவர் குறை சொல்வார். அதே இடத்தைத் தொட்டுக் காட்டி, விற்பவர் ஒரிஜினல் என்பார்.

இவை எப்படிப் பிழைத்தன? உயர்ந்த தரத்தால் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. மகளுக்குச் சீர் வைத்த ஆச்சிகள் டஜன் கணக்கில் வைத்தார்கள். சாமான் பரப்பப்பட்டது, எண்ணப்பட்டது, அறைக்குள் போனது. செட்டிநாட்டு வீட்டில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் அறை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் அறையைப் பூட்டினார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். பிறகு அங்கிருந்த நிலமும் கைவிட்டுப் போயிற்று. பேரன்மார் பிழைப்புக்காகச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பூட்டு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. வீட்டை விற்கலாம் என்றால் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போட மாட்டார். அந்த ஒருவரே செட்டிநாட்டின் தலைசிறந்த அருங்காட்சியகக் காப்பாளர்.

எனவே நூற்பா:

பூட்டும் பகையும் மறதியும் மூன்றும்
கூட்டுழிப் பிறப்பது பழம்பொருள் என்ப.

(தொல்காப்பியத்தில் தேட வேண்டாம், இக்கட்டுரையாளன் செய்தது.)

இனி வேட்பாளர்கள். எவர்சில்வர் முதலில் வந்து நிற்கும். அதன் பலம், பெயர் வெட்டு. பாத்திரக் கடை வாசலில் கிர்ரென்று ஓடும் கருவியால் புள்ளி புள்ளியாக ‘தாய்மாமன் அன்பளிப்பு’ என்று தொடங்கி, ஊரும் தேதியும் போட்டு, இடம் போதாமல் கடைசி எழுத்து குடத்தின் கழுத்தில் ஏறி நிற்கும். சோழர் காலக் கல்வெட்டிலும் கொடை தந்தவர், தந்த நாள் இவ்வளவுதானே கேட்கிறோம்? ஆனால் எவர்சில்வர் நெளியும், சாகாது. டிஎஸ்-1 போலப் புதிதாகவும் கிடைக்கும். ஆகவே எழுத்துக்கு விலை உண்டு, குடத்துக்கு எடைக்குக் காசு.

அடுத்து, 2006இல் கலைஞர் தொடங்கிவைத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும். சட்டக் கணக்கில் முன்னது 2106லும் பின்னது 2111லும் தொல்பொருள். கட்சி சார்பற்ற ஆய்வாளன் எனினும் டிவிக்கே என் வாக்கு. மிக்ஸி உழைக்கிறது, உழைக்கும் பொருளுக்கு ஜார் போகும், பிளேடு போகும், முகத்தில் இருக்கும் படமும் சட்னி துடைத்துத் துடைத்து மங்கும். படக்குழாய் டிவியோ பரணில் ஏறிவிட்டால் அதன் நீண்ட முதுகை நினைத்தே எவரும் இறக்க மாட்டார். ரிமோட் மேல் போட்ட பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தால் விலை இரட்டிக்கும் என்று கணிக்கிறேன்.

டப்பர்வேரைத் தள்ள முடியாது. தாய் நிறுவனம் 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் மனுக் கொடுத்தது நல்ல சகுனம். ஆயின் டப்பா ஒரு வீட்டிலும் மூடி இன்னொரு வீட்டிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர் ஊருக்கு ஒருவர் தேறினால் அதிகம்.

பெடலுக்கு நம்மூர் ஒன்றுவிட்ட தம்பி எலக்ட்ரானிக் தம்புரா. குமிழ் உண்டு, சுருதி உண்டு, கரகரப்பு வயதானால் தானே வரும். வீணை சாம்பசிவ ஐயரும் மிருதங்கம் மணியும் பெயருக்கு முன் சேர்த்துக்கொண்ட ஊர் காரைக்குடி. அங்கே இதற்கு மதிப்பு இல்லாமலா போகும்? போனில் ஆப் வந்த நாளிலிருந்து பூஜை அறை மூலையில் அது தவமிருக்கிறது. மறதி கைகூடிவிட்டது, பூட்டுத்தான் பாக்கி.

பழைய செல்போன்? பாட்டரி உப்பிவிடும். விடுக.

அற்றேல், அடுக்குமாடி வீட்டில் பரணும் இல்லை, பங்காளியும் இல்லையே, நூற்பா எங்ஙனம் நிற்கும் எனின், கேள்வி நியாயமானது. போதாக்குறைக்கு ஆடித் தள்ளுபடியும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரும் வேறு. எந்தக் கரையானும் இவ்வளவு சேதம் செய்ததில்லை. ஆகவே வருங்காலத்தில் முதலீடு செய்ய விரும்புவோர், உடன்பிறந்தாரோடு ஒரு மனத்தாங்கலை இப்போதே தொடங்கிவிடலாம். கையெழுத்துப் போட மறுப்பவர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாம். அறையைப் பூட்டும்போது ரிமோட்டையும் உள்ளேயே வைத்துப் பூட்டவும்.