செத்தவனுக்குக் கப்பல்

மலாக்கா நகரத்துக்கு இன்றும் ரயில் கிடையாது. பூலாவ் செபாங்கில் இறங்கித்தான் போக வேண்டும். முன்பு தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை ஓடியது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் அதைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனான், மரண ரயில் போட. தண்டவாளம் மட்டும் போதுமா? தோட்டங்களில் ஆளையும் அள்ளினான். மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் தமிழர்கள். அதே ரயில் போட்டுச் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள். நம்மவருக்குப் பொதுக்குழி.

அப்போது சட்டமே இல்லையா? இருந்தது, ஐயா! கட்டாய உழைப்புக்கு எதிரான ஒப்பந்தம் 1930இலேயே ஜெனீவாவில் தயார். ஜப்பான் 1932இல் அதை ஏற்றுக்கொண்டது. பத்தே வருஷத்தில் தோட்டத்து வாசலில் லாரி. ஒப்பந்தத்தில் போர்க்கால அவசரத்துக்கு விதிவிலக்கும் உண்டு. ஆள் பிடிக்கிற நேரம் பார்த்து லீவு போடுகிற சட்டம்!

போர்க்கால உயிர்ப்பலிக்கு ஈடாகக் கேட்ட ‘இரத்தக் கடன்’ 1967இல் தீர்ந்தது. ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளிக்குப் பொருளும் சேவையும் தர ஒப்புக்கொண்டது. வந்தவை சரக்குக் கப்பல்கள். இரண்டு! ரயில் போட்டுச் செத்தவனுக்குக் கப்பல். அவன் பெண்டாட்டி அதை லயத்தில் எந்தத் தூணில் கட்டுவாள்?

சுதந்திர நாட்டின் சட்டம் என்ன செய்தது? அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு 1957இலேயே அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் தடுத்துவிட்டது. கட்டாய உழைப்பை ஒழிக்கும் இன்னொரு ஒப்பந்தத்தை 1958இல் ஏற்றோம். 1990இல் விலகினோம். அடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது 1966இலிருந்தே குற்றம். தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பூட்டிவைக்கும் நிர்வாகிகளின் மேசை டிராயர்களுக்கு இது இன்னும் எட்டவில்லை.

2020 டிசம்பரில் சைம் டார்பி தோட்ட நிறுவனத்தின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தன் துறைமுகத்தில் நிறுத்தியது. காரணம், கட்டாய உழைப்பின் அறிகுறிகள். மனிதன் முடங்கிக் கிடந்தபோது யாருக்கும் வியர்க்கவில்லை. எண்ணெய் முடங்கியதும் கோலாலம்பூருக்கு வியர்த்தது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு தனிக் குற்றம். ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அரசியலமைப்பு சொல்லி அறுபத்தைந்து வருஷம் கழித்து!

இன்று நம் பாட்டன் இருந்த லயத்தில் வங்காளதேசத்துப் பையன் இருக்கிறான். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் அவன் கழுத்தில். நாமோ அவனை ‘வந்தேறி’ என்கிறோம். நம்மையும் அப்படித்தான் சொன்னார்கள்.

முதலாளி மாட்டினால் அபராதம் கஜானாவுக்கு. பையனுக்கு என்ன? இன்னொரு கப்பலா?